புள்ளி வைக்காத பக்கம்

ஹட்டன், டன்பார் வீதி, மாடிப்படிக்குக் கீழே
ஒரு மேசை, ஒரு ரெமிங்டன், நான்.

எழுபத்தெட்டில்
கடைகளுக்குள் ஜப்பான் வந்து இறங்கியது.
அதே மாதம்
கொழும்பில் திட்ட அமைச்சு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு
குடையோடு வந்து இறங்கினார் டாக்டர் இராயப்பன்.
பக்கம் ஒன்றரை ரூபாய் என்றேன்.
பேரம் பேசவில்லை. பொருளியல் படித்தவராம்.

மெஷினில் புள்ளிச் சாவி உடைந்திருந்தது.
கண்டிக்கு அனுப்பினால் நாற்பது ரூபாய், மூன்று வாரம்.
"கை இருக்கிறதே" என்றார்.
பின்னேர ரயில் போனபிறகும்
ஸ்டூலில் குந்தியபடி ஒவ்வொரு மெய்க்கும்
நீல மையால் பொட்டு வைத்தார்,
பள்ளிக்கு அனுப்பும் பிள்ளைகளுக்குப் போல.

எழுதியது இப்படி:
கூடிக்கொண்டே போவதுதான் வளர்ச்சி என்றால்
காய்ச்சலும் வளர்ச்சி.
மலையைக் கிலோவாக்கி விற்ற நாடு
அந்தக் காசில்
மலைப்படம் போட்ட நாட்காட்டி வாங்குகிறது.
ஆசைக்குத் தவணை உண்டு, தீர்வை இல்லை.

இந்த வரியை அடிக்கும்போது
என் காலடியில்
தவணைக்கு எடுத்த கேசட் ரேடியோ.
பார்த்துவிட்டார்.
"கிரிக்கெட் கேட்குமா?"
அவ்வளவுதான்.

பதினோராம் அத்தியாயத்தின் தலைப்பு: போதும்.
நான் அடிக்கவில்லை.

"என் அம்மா கொழுந்து எடுக்கிறவள் ஐயா.
பதினாறு கிலோவுக்கு நூறு கிராம் குறைந்தால்
செக்ரோலில் அரைப்பேர்.
ஒரு முழு ஆளுக்கு அரைப்பேர் போடுகிற மலையில்
போதும் என்று யார் சொல்வது?
கூடையை இறக்கியவளா,
தராசைப் பிடித்தவரா?"

குடையை எடுத்தார்.
வெளியே மழைகூட இல்லை.

பத்து நாள் கழித்து வந்தார்.
சப்பாத்துக்குள் அட்டைக்கடி இரத்தம்.
"மூன்று மடுவம் பார்த்தேன்."
நாற்பது பக்க அத்தியாயம்
இரண்டு பக்கமாகியிருந்தது.
அரைப்பேர் போக மற்றப் பாதிப் பேர்
தேசிய வருமானத்தின் எந்தப் பத்தியில் இருக்கிறது
என்று கேட்டுவிட்டு
அப்படியே நின்றது.
தலைப்பு மட்டும் பழையது.

கண்டியில் முன்னூறு பிரதி அச்சானது.
மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாம்
காய்ச்சலைத்தான் காட்டுகிறார்கள்.
அவர் போய்ப் பதினேழு வருஷம்.

தட்டெழுத்துப் படி என் அலுமாரியில்.
எல்லா மெய்க்கும் தலையில் நீலம்,
அந்தத் தலைப்பின் கடைசி எழுத்தைத் தவிர.
போதும
என்று நிற்கிறது, வாய் மூடாமல்.
மறந்தாரா,
எனக்கென்று விட்டாரா, தெரியாது.
இரண்டு தடவை பேனாவைக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறேன்.

அந்த இரண்டு பக்கத்துக்கு
மூன்று ரூபாய் இன்னும் பாக்கி.