குழவி என்னிடம்

மூன்று லிட்டர் டில்டிங் கிரைண்டர்,
கோயம்புத்தூரில் செய்தது, மோட்டார் மாற்றி ஒரு வருஷம்,
நான்காயிரத்து ஐந்நூறு என்று போட்டேன்.
அம்பத்தூர் ஓ.டி., மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது
என்பதையும் எழுதினேன்.
ஒளித்து விற்கத் தெரியாது எனக்கு.

பையன் ஓசூர் ஹாஸ்டலுக்குப் போனபின்
இரண்டு பேருக்கு எதற்கு அத்தனை மாவு.

பத்தாவது நிமிஷம் முதல் ஆள்: "லாஸ்ட் பிரைஸ்?"
வணக்கம்கூட இல்லை.
அடுத்தவர் ராணுவமாம். ஆவடியில் போஸ்டிங்,
சீருடைப் படம், அடையாள அட்டை,
பேரமே பேசாத பெரிய மனசு.
கட்டம் கட்டமாய் ஒரு படம் அனுப்பி
ஸ்கேன் செய்து பின் நம்பர் அடித்தால்
பணம் வந்து விழும் என்றார்.
உண்டியல்ல போடுறதா, எடுக்கிறதா சார், என்றேன்.
முகப்புப் படம் காணாமல் போனது.
தேசபக்தியும் கூடவே.

ஞாயிறு மத்தியானம் நிர்மல் வந்தார்.
இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதிக் கீற்று,
செருப்பை வாசலிலேயே விட்டார்,
கொடுத்த தண்ணீரை உதடு படாமல் அண்ணாந்து குடித்தார்.
இதையெல்லாம் வைத்துத்தானே ஆளை எடைபோடுகிறோம்.

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
பச்சை டிக். நான்காயிரத்து ஐந்நூறு.
என் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல்.
என் போன் மட்டும் வாய் திறக்கவில்லை.
"சர்வர் ஸ்லோ மேடம், ஞாயித்துக்கிழமை இல்ல?
அஞ்சு நிமிஷத்துல வந்துரும். கீழ குட்டியானை நிக்குது,
வாடகை ஏறுது."

அவரும் டிரைவருமாக உடம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்,
ஒவ்வொரு படிக்கும் ஒரு "பாத்து, பாத்து".
கல்லை நான் எடுத்துட்டு வரேன் என்றேன்.
குழவி என்றால் குழந்தை என்றும் அர்த்தமாம், எங்கோ படித்தது.
இடுப்பில் இருத்தி இறங்கி
இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.
மடியில் கல். கையில் போன்.
பேலன்ஸ் பார்த்தேன்.
காலையில் கரண்ட் பில் போன பிறகு என்ன மிச்சமோ
அது அப்படியே இருந்தது.

கீழிருந்து, "மேடம், கல்லு!"
மேலிருந்து நான், "பணம்!"
"கல்லு!"
"பணம்!"
ரஹமத்பீ கதவைத் திறந்து பார்த்து
எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
குட்டியானை உறுமியது. கிளம்பியது.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் பேனாவை நிறுத்தினார்:
"கல்லு உங்ககிட்டதானே இருக்கு?
அப்ப பாதிதாம்மா போச்சு."

புதன்கிழமை, புது நம்பரிலிருந்து:
"மேடம், குழவி இல்லாம இது வெறும் அண்டா.
கல்ல மட்டும் குடுத்துருங்க."

குழவியைக் கழுவித் துடைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன்.
"அனுப்பிட்டேன். வந்துரும். சர்வர் ஸ்லோ."
இரண்டு நீல டிக்.
அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன்.
ரஹமத்பீயிடம் இரண்டு முறை சொன்னேன்,
அவரிடம் மூன்று முறை.

இரவு ஒன்பதரைக்கு இன்னொரு வரி:
"வீட்ல அரிசி ஊற வெச்சுட்டாங்க மேடம்."

பொய்யாக இருக்கும்.
விபூதி மாதிரி, அண்ணாந்து குடித்தது மாதிரி.
ஆனாலும் கை அரிசியின் அளவைத் தேடியது.
எத்தனை படி? உளுந்து போட்டாளா?
அவளிடம் என்ன சொல்லி இறக்கியிருப்பான் அதை?

நம்பரை இன்னும் பிளாக் செய்யவில்லை.
காற்றுக்கு அறையும் பின்கதவுக்கு
குழவியைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
பாக்கெட் மாவு புளிக்கிறது.
போன் சிணுங்கினால் எடுத்துப் பார்க்கிறேன்;
ஏதோ வங்கி, எனக்கு மூன்று லட்சம் கடன் தருகிறதாம்.

நான்காயிரத்து ஐந்நூறு வந்தால் கொடுத்துவிடுவேன்.
மூன்று மாடியும் நானே தூக்கிக்கொண்டு இறங்குவேன்.