பதினொரு நிமிடம்

வண்ணத்தாள் மழை வேண்டாம் என்றேன்.
"லஸ்ஸனய் நே" என்றான் ருவந்த.
வடிவுதான்.
அறிக்கை தயாரானதும்
திரையின் உச்சியிலிருந்து
சிவப்பும் மஞ்சளும் நீலமுமாய்க்
காகிதத் துண்டுகள் கொட்டும்.
வாங்கிய வார்ப்புருவில் இலவசமாக வந்தது.
பிறந்தநாளுக்கு, கடன் கட்டி முடித்ததற்கு,
செருப்பு வாங்கியதற்கு
எவனோ எங்கோ செய்து வைத்தது.

இது இரத்தப் பரிசோதனை, ருவந்த.
சிலவேளை சதைப் பரிசோதனை.

அவன் பக்கத்தில்
மின்விசிறி மட்டும் சுற்றியது.

எட்டு மாதமாக இவனோடு வேலை.
நுகேகொடை, ஒரு பஸ் தூரம்.
அந்த விசிறியின் கிறீச்சைத் தெரியும்,
அலுமாரியில் சாய்த்த கிரிக்கெட் மட்டையைத் தெரியும்,
உயரம் தெரியாது.
என்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது
வெள்ளவத்தை ரெயில்கள்தான்.
ஒவ்வொன்றுக்கும் மியூட் போடுவேன்.
ஒருநாள் மறந்துபோனேன்.
கடலும் தண்டவாளமும் சேர்ந்து
கூட்டத்துக்குள் நுழைந்தன.
பேசிக்கொண்டிருந்த முதலாளி
வசனத்தின் பாதியில் நின்றார்.
"உன் வண்டி இன்றைக்குப் பிந்திப்போச்சு"
என்று தனியே எழுதி அனுப்பினான் ருவந்த.

பிறகு பெயர்ப் பெட்டிகள்.
முதற்பெயர், குடும்பப்பெயர்,
இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம்.
கீழ்த்தளத்தில் மரக்கறிக் கடை போடும் யோகம்மாவிடம்
நிரப்பிப் பாருங்கோ என்றேன்.
உடைந்த கண்ணாடிக்குச் செலோடேப் ஒட்டிய
அவவின் போனிலேயே.
யோகம்மா என்று அடித்தா.
குடும்பப்பெயர் தேவை என்றது.
கொஞ்சம் யோசித்தா.
திரும்பவும் யோகம்மா என்று அடித்தா.
"அவற்ற பேரைப் போடலாம்தான்.
போட்டால் ஆள் வந்து நிப்பாரோ?
பதினேழு வருசம்."
கத்தரிக்காய் நிறுக்கப் போய்விட்டா.

அன்றிரவு ஒரு பெட்டியைத் தூக்கினேன்.
ஒன்று போதும். நீளமாக.
ஆட்கள் தங்களைச் சொல்கிற மாதிரியே சொல்லட்டும்.

தமிழ்ப் பொத்தான் தனி வழக்கு.
"பதிவிறக்கம் செய்யவும்"
விளிம்பு தாண்டித் தொங்கியது,
நெரிசல் பஸ்ஸின் மிதிபலகையில்
ஒற்றைக்கால் வைத்தவனைப்போல.
எழுத்தைச் சிறிதாக்கு என்றார்கள்.
சொல்லைச் சிறிதாக்கினேன்:
எடுக்க.
வரிக்கு வரி இடைவெளியும் கூட்டினேன்.
ஈகாரத்தின் மேல்விசிறி
அதுவரை தலை வெட்டுண்டு கிடந்தது.
மூன்று மொழி தெரிந்த அலுவலகத்தில்
ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

கொட்டாஞ்சேனைக் கிளையில் திறப்பு விழா.
கேக் வெட்டிய படம் வட்ஸ்அப்பில் வந்தது.

மூன்றாம் வாரம் எண்கள் வந்தன.
ஓர் ஆளுக்குச் சராசரி ஐம்பது செக்கன்.
ஒன்று மட்டும் தனியே நின்றது:
அதிகாலை இரண்டு நாற்பது.
பதினொரு நிமிடம்.
கீழே உருட்டவில்லை. எதையும் எடுக்கவில்லை.
ஐந்தாவது நிமிடத்தில்
பக்கம் தானாக வெளியே தள்ளியிருக்கிறது,
பாதுகாப்புக்காக.
இலக்கம் கேட்டு, இலக்கம் வந்து,
திரும்ப உள்ளே.
திரும்ப வெளியே.
மூன்றாம் முறையும் உள்ளே வந்து
அதே ஒற்றை வரியின் முன்னால்
இருந்திருக்கிறார்.

"மிகச் சிறந்த ஈடுபாடு" என்று
மென்பொருள் பச்சை அம்பு போட்டிருந்தது.

அதை ருவந்தவுக்கு அனுப்பினேன்,
கூட ஒன்றும் எழுதாமல்.
எழுதுகிறான், நிற்கிறான், எழுதுகிறான்.
மூன்று புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்கின.
கடைசியில் வந்தது:
ஐந்தை அறுபதாக்குவோமா?

முப்பதுக்குத்தான் சம்மதித்தார்கள்,
அதுவும் இரண்டு கூட்டத்துக்குப் பிறகு.
அறிக்கையின் அடியில்
ஒரு தொலைபேசி இலக்கமும் போட்டோம்.
இரவில் யார் எடுப்பதென்று
இன்னும் முடிவாகவில்லை.

நேற்று இரண்டு நாற்பதுக்கு
நானே அழைத்துப் பார்த்தேன்.
மணி போகிறது.
வைக்காமல் இருக்கிறேன்.