முதலில் வாங்கியவருக்கு மட்டும்

விர்ட்சு படகுத்துறையில் கார்கள் வரிசையில் நிற்க
கல்யு என்பவர் டிக்கியைத் திறந்தார்.
சவுக்காரம் மணக்கும் துண்டில் சுற்றியிருந்தது அது.
பத்துக்கு நாற்பத்திரண்டு. பச்சை ரப்பர் உறை.
கழுத்துவார் மட்டும் கொஞ்சம் வியர்வை குடித்திருந்தது.
"என் மனைவிக்குக் கொக்குகள் அலுத்துவிட்டன" என்றார்.
தொள்ளாயிரம் யூரோ, ரொக்கமாக.
புதிது என்றால், பள்ளிப் பேருந்து ஓட்டும் எனக்கு
இரண்டு மாதம் சோறில்லை.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது தானமில்லை, பார்த்திருக்கலாம்.
ஆனால் படகு ஊதியது,
பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தான்.
டிக்கெட் கூண்டின் பலகையை ஒரு நொடி பார்த்தேன்.
எழுத்துகள் சவரக்கத்தி போல நின்றன.
ஒரு நொடிக்கு எந்தக் கண்ணும் பொறுத்துக்கொள்ளும்
என்று அப்போது தெரியாது.

சோர்வே முனை, அக்டோபர், எதிர்க்காற்று.
அலைக்கு மேல் நீள்வால் வாத்துகள்
அவிழ்த்துவிட்ட கயிறு போலப் போய்க்கொண்டிருந்தன.
மணிக்கு எத்தனை, எந்தத் திசைக்கு:
அதை எண்ணி எழுதுவது என் வேலை, சம்பளமில்லாமல்.
பத்தாவது நிமிடம் நெற்றிக்குள் ஒரு ஆணி.
ஒவ்வொரு வாத்துக்கும் அரை இறகு தள்ளி
அதே வாத்து இன்னொரு முறை பறந்தது.
கலங்கரை விளக்கம்கூட
இரட்டைப் பிள்ளையாய் நின்றது.
அன்று நான் எழுதியது எண்ணூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்தில் ஊர்வே எழுதியது நானூற்று ஆறு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
பென்சிலைக் கடித்தாள்.

பெட்டியின் அடியில் உத்தரவாத அட்டை இருந்தது.
பத்து வருடம்; நான்கு இன்னும் மீதி.
கீழே, கடுகைவிடச் சின்ன எழுத்தில்:
முதலில் வாங்கியவருக்கு மட்டும்.
கண்ணாடிக்கு அதற்குள் வயதாகிவிடவில்லை.
துண்டோடு அது கை மாறிய அந்த நொடியில்
நான்கு வருடங்கள்
துறைமுகத் தார்ச்சாலையில் கொட்டிப்போயிருந்தன.

தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தேன்.
பதிலில் அத்தனை மரியாதை.
வலக்குழலில் ப்ரிசம் இடம் பெயர்ந்திருக்கிறது.
சரிசெய்ய அறுநூற்று நாற்பது.
சரிசெய்யாமல் திருப்பி அனுப்ப எண்பத்தைந்து.
முதல் உரிமையாளரே ரசீதோடு கேட்டால்
இலவசம்.

கல்யுவுக்குப் போன் போட்டேன்.
"அது என்னுடையது என்று நான் எழுத வேண்டும்" என்றார்.
ஆமாம் என்றேன்.
"சரிசெய்து என் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள்."
ஆமாம்.
நீண்ட இடைவெளி. ஒரு கெட்டில் கொதித்தது, யாரோ அணைத்தார்கள்.
"திரும்ப என் கைக்கு வந்தால்
உங்களிடம் கொடுப்பேனா என்று
எனக்கே நிச்சயமில்லை, அம்மா.
விற்றதிலிருந்து ஜன்னலண்டை போனால்
கை மார்பைத் தடவுகிறது."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று
மனம் இளகிக்கொண்டிருந்தபோதுதான்
பின்னாலிருந்து ஒரு பெண் குரல்:
"யாரு? கீழே விழுந்ததைச் சொன்னியா?"

கெட்டில் இப்போது கொதிக்கவில்லை.
"ஒரு தடவைதான்" என்றார் கல்யு.
"புல் மேலேதான்."

எண்பத்தைந்து கட்டி வாங்கிக்கொண்டேன்.
அதற்கு அடுத்த வாரம் ஒரு உறை வந்தது,
அனுப்பியவர் பெயர் பெண் பெயர்,
உள்ளே இருநூறு யூரோவும்
புதுக் கழுத்துவார் ஒன்றும்.
கடிதம் இல்லை.
வார் நன்றாக இருக்கிறது, கழுத்தை அறுப்பதில்லை.

இப்போது வலக்குழலுக்கு மூடி போட்டுவிட்டு
இடக்கண்ணால் எண்ணுகிறேன்.
கடல் தட்டையாகத் தெரிகிறது,
எது முன்னால் எது பின்னால் என்று பிடிபடுவதில்லை.
ஆனால் ஒரு வாத்து ஒரு வாத்துதான்.
இன்று காலை ஏழிலிருந்து எட்டு:
முந்நூற்று எழுபத்தொன்று, தென்மேற்கு.
ஊர்வே முந்நூற்று எழுபது.
அந்த ஒன்றுக்காக
டீ ஆறும் வரை சண்டை போட்டோம்.