உறுதியில்லாத காணி

பாதையில் ஏறி ஆற்றைக் கடந்து
அம்பிளாந்துறைக்கு வந்தார்கள்:
வேன் ஒன்று, மடிகணினி இரண்டு,
முப்பது வருடக் குத்தகைப் பத்திரம்.

"பாதி அலைவரிசை சும்மாதானே கிடக்கு"
என்றார் கழுத்துப்பட்டிக்காரர்,
தரிசைக் கண்ட தரகர்போல.

பொருளாளர் சதானந்தி தொகையை வாசித்தாள்.
இரண்டாம் முறை, இன்னும் மெதுவாக.
பூச்சியங்களை எண்ணினோம்.
எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்?
கோபுரத்து பற்றரிக் கடன் என் பேரில்.

அலைவரிசையை நான் கண்டதில்லை.
எல்லைக்கல் இல்லை, வேலி இல்லை,
உறுதி முடிக்க நொத்தாரிசும் இல்லை.
முத்திரை குத்திய அனுமதித் தாள் ஒன்று
சங்கத்துச் சுவரில்,
கண்ணாடிக்குள், கறையானுக்குத் தப்பி.

மறுகா எழும்பினார் வட்டவிதானை குலவீரசிங்கம்.
"ஆனை வட்டைக்குள்ள இறங்கினா
இப்ப எங்கட போன் எல்லாம் ஒண்டா அடிக்குது.
நாளைக்கு அடிக்காட்டி ஆரைப் பிடிக்கிறது?"

"முறைப்பாட்டு இலக்கம் தருவோம், ஐயா.
நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் ஆள் வரும்."

ஆர் முதலில் சிரித்தது, தெரியாது.
"ஆனைக்கும் அந்த இலக்கத்தைக் குடுங்க" என்றாள்
பின்வாங்கில் இருந்த ரேணுகாதேவி,
போன போகம்
வேளாண்மையோடு புருசனையும் பறிகொடுத்தவள்.
அவள் மட்டும் சிரிக்கவில்லை.

வாக்கு: நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு.
வெற்றி என்று சொல்ல வெட்கமான கணக்கு.
பத்திரத்தை மடித்துக்கொண்டு
பின்னேரப் பாதைக்குப் போனார்கள்.

அன்றிரவே சிக்னல் விழுந்தது.
ஏச ஒரு கம்பனி இல்லை,
இலக்கம் இல்லை.
சதானந்தி ரோச் பிடிக்க
கோபுரத்தில் ஏறினேன்,
பற்றரியையும்
கைதூக்கிய மற்ற நாற்பது பேரையும்
என்னையும் சேர்த்து ஏசியபடி.