அடைப்புக்குறி

நாடகத்தில் படகு கிடையாது.
துடுப்பு மட்டும் உண்டு.
சீன மேடையில் அப்படித்தானாம்:
ஒருவன் ஏறும்போது
ஏற்கெனவே நிற்பவள் முழங்கால் தாழவேண்டும்,
அவன் நடுவுக்கு வந்ததும் அவள் மெல்ல எழவேண்டும்,
பார்க்கிறவனுக்குத் தண்ணீர் தெரிந்துவிடும்.

ஆங்கிலப் பிரதியில் இதற்கு முழுப்பக்க விளக்கம்.
நான் அதைத் தமிழாக்கி வாசித்துக்கொண்டிருக்கையிலேயே
ததேயு செருப்பைக் கழற்றினான்,
கடியப்பட்டணம் பங்குக்கூடத்துச் சிமெண்டுத் தரையில்
வலது காலை வைத்தான்.
தரை ஆடியது.
"இதுக்கு என்னத்துக்கு டீச்சர் ஒரு பக்கம்?"

படகோட்டிப் பெண்ணின் பெயர்தான் யாருக்கும் வரவில்லை.
ஷுவே. சுவே. சுவை.
ஐஸ் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்த மெற்றில்டா,
கையில் இன்னும் குளிர்,
"சுவைன்னே இருக்கட்டும்" என்றாள்.
"சீனின்னு சொல்லுதோம், சீனச்சட்டின்னு சொல்லுதோம்,
பெருநாளைக்குச் சீனவெடி போடுதோம்.
அவியளுக்க பேரு நமக்கு வராமலா போகும்?"

கதை சிறியது.
போர் முடிந்த ஆறு.
தோற்ற பக்கத்துச் சிப்பாய், காலில் காயம்,
அக்கரைக்குக் கேட்கிறான்.
ஏற்றிக்கொள்கிறாள்.
நடு ஆற்றில் அவன் போட்டிருக்கும் கோட்டைப் பார்க்கிறாள்.
முழங்கைக்குக் கீழே ஒரு ஒட்டுத்துணி.
அவள் தைத்தது.
தம்பிக்கு.

அந்த இடத்தில் ஆங்கிலத்தில்
அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்:
(அழுகிறாள்).

"அழமாட்டா" என்றாள் மெற்றில்டா.
ஏன்?
"அழுதா துடுப்பு நிக்கும். வள்ளம் சுத்தும்.
ரெண்டு பேரும் போவாங்க."

மொழிபெயர்த்தவர் லீட்ஸில் இருந்தார், எண்பது வயதுப் பெண்மணி.
எழுதிக் கேட்டேன்.
பத்து நாள் கழித்துப் பதில் வந்தது:
மூலத்தில் அழுகை இல்லை.
அவளுடைய நீண்ட வெள்ளைக் கை
மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும் பட்டுக் கை
எழுகிறது, அவ்வளவுதான்.
எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.
குளிர்கால இரவில் பஸ் பிடித்து நாடகம் பார்க்க வருகிறவர்கள்
ஒரு சட்டைக்கையை நம்புவார்களா என்று பயந்தேன்.
அழவைத்துவிட்டேன்.
உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?

கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.
மெற்றில்டா தன் நைட்டியைப் பார்த்தாள்.
"நமக்கு அரைக்கைதானே."
எல்லோரும் சிரித்தோம். ஒத்திகை அன்று அத்துடன் முடிந்தது.

நாடகத்தன்று காற்று.
முட்டத்து விளக்கின் ஒளி திரும்பும்போதெல்லாம்
ஜன்னல் கம்பிகள் சுவரில் ஓடின.
முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் மீன்கூடையோடு சிலர்,
கதவருகே சாமியார், பாதி மனதாக.

அவள் பார்த்தாள். ஒட்டுத்துணியை.
துடுப்பு நிற்கவில்லை.
இரண்டு வலிப்பு, மூன்று.
பிறகு ஒரு கையால் வலித்துக்கொண்டே
மறுகையை நீட்டி
சிப்பாயின் கழுத்தடியில் திறந்துகிடந்த பொத்தானை
மாட்டிவிட்டாள்.

காற்றுக்கு.

சீனத்தில் இல்லை அது. ஆங்கிலத்திலும் இல்லை.
என் கையிலிருந்த தாளில் இல்லவே இல்லை.
ததேயு வசனத்தை மறந்தான்.
எடுத்துக்கொடுக்க வேண்டிய நான்
எந்த வரியில் இருக்கிறோம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து ஒரு கிழவர் மட்டும்,
மேடையைப் பார்த்தல்ல, தனக்குத்தானே,
"பைய, மக்களே, பைய" என்றார்.

கோட்டு ததேயுவுடையது இல்லை.
மஞ்சள் மழைக்கோட்டு, மெற்றில்டா வீட்டிலிருந்து வந்தது.
யாருடையது என்று மூன்று வாரமும் ஒருவரும் கேட்கவில்லை.
ஊருக்குத் தெரியும்.
நான்தான் நாகர்கோவில்காரி.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது
அவள் அதை மடித்தாள்,
பொத்தானைக் கழற்றாமல்.

லீட்ஸுக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
அடைப்புக்குறியைத் திறந்து
பொத்தான் என்பது வரை வந்துவிட்டேன்.
ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே ஓசைதான்.
அடுத்த சொல்
மாட்டிவிடுகிறாள் என்பதா,
வலிக்கிறாள் என்பதா.
தமிழில் வலிப்பதற்கு இரண்டு பொருள் இருக்கிறது என்பதை
அந்த அம்மாவுக்கு எப்படிச் சொல்ல.