ஊமைக் கட்டை

கிதினியா துறைமுகத்துப் பள்ளியில்
நிலக்கரி அறைக்குள் ஒரு பியானோ.
நடுவில் ஒரு கட்டை மட்டும் ஊமை.

யாட்விகாவின் விரல் அங்கே வந்தால்
வெறும் மரம் தட்டும்.
அந்தப் பள்ளத்தில் அவள் விழுமுன்
என் டபுள் பாஸில் அந்தச் சுரத்தை வைப்பேன்.
எழுதிவைத்த இசையென்றால் சுலபம்.
ஜாஸ் அப்படியில்லை,
எங்கே திரும்பப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.
இடது தோள் லேசாக ஏறும்,
அவ்வளவுதான் எனக்குத் துப்பு.

"நீ பார்ப்பது தாளத்தையா, அவள் கழுத்தையா?"
டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து லெஷெக்.
கரித்தூசி என்று கண்ணைக் கசக்கினேன்.

பிப்ரவரியில், நல்லது செய்வதாக நினைத்து
ஊக்கும் தூண்டில் நரம்பும் கொண்டு
கட்டையைச் சரிசெய்துவிட்டான்.

அன்று மாலை தோள் ஏறியது.
கட்டை பேசியது.
என் விரலும் பழக்கதோஷத்தில் அங்கேயே.
ஒரே சுரம்தான்,
மயிரிழை பிசகி
சன்னல் கண்ணாடிவரை அதிர்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

அடுத்த சுற்று.
தோள் ஏறியது.
விரல் இறங்கவில்லை.
பேசத் தெரிந்த கட்டையை
எனக்காக ஊமையாக விட்டுவைத்தாள்.

நான் வாசிக்க மறந்தேன்.

லெஷெக் நாலு எண்ணினான், எட்டு எண்ணினான்,
குச்சியை வீசினான்:
"அடப்பாவிகளா,
ஒரு வாரம் மெனக்கெட்டேனே!"