பரவாயில்லை

முதலில் ஒரு தாள்.
இரத்த அழுத்தம், ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு,
எங்கே தொடக்கூடாது என்று நிரப்ப ஒரு கோடு.
அந்தக் கோட்டின்மேல் சிப்ரியான்
'பரவாயில்லை' என்று எழுதித் தருகிறார்.
கிதீனியா கப்பல் பட்டறையில்
முப்பத்தோரு வருடம் இரும்பைப் பற்றவைத்தவர்.

நான் வெளியே போகிறேன், என்கிறேன்.
எதுவரை கூச்சமில்லையோ அதுவரை கழற்றினால் போதும்.
குப்புறப் படுத்துத் துண்டை இழுத்து மூடிக்கொள்ளுங்கள்.
இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.
தலையசைக்கிறார்.

இரண்டு முறை தட்டுகிறேன்.
காலுறை கழற்றவில்லை. கைக்கடிகாரமும்.
துண்டு கழுத்துவரை ஏறியிருக்கிறது.
முகம் புதைக்கும் வளையத்துக்குள்ளிருந்து
ஒரு குரல் தரையிடம் சொல்கிறது:
"மகள்தான் பணம் கட்டினாள். நான் கேட்கவில்லை."

எண்ணெயை என் உள்ளங்கையில் சூடாக்குகிறேன்.
வாசனை இல்லாதது.
பிறகு முதுகின்மேல் இரு கைகளையும் வைத்து
சும்மா இருக்கிறேன்.
அமுக்குவதில் தொடங்கும் என்று நினைத்து வருகிறார்கள்.
காத்திருப்பதில் தொடங்கும்.
ஒரு முழு மூச்சு, அடிவயிறுவரை போய்த் திரும்ப
இவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

"அழுத்தம் எப்படி? பத்துக்கு எத்தனை?"
"பரவாயில்லை."
"அது எண் இல்லையே."
உதட்டுக்கு வருமுன்
விலாவில் தெரிந்துவிடுகிறது சிரிப்பு.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிலவும் நடக்கும்.
வயிறு கடமுடவென்று வாய் திறக்கும்.
கடைவாயோரம் எச்சில் ஒழுகும்.
தூக்கத்தின் வாசலில் கால் ஒருமுறை உதறும்.
சிலர் அழுவார்கள். நான் காரணம் கேட்பதில்லை,
காகிதக் கைக்குட்டை எங்கே என்று மட்டும் சொல்வேன்.
போன வாரம் ஒரு வக்கீல்
குறட்டை விட்டு, தன் குறட்டைக்கே விழித்து,
"யார் அது?" என்றார்.

முன்கையில் மிளகு தூவினாற்போல் தீப்பொறித் தழும்புகள்.
அவற்றின்மேல் விரல்கள் எடை குறைத்துப் போகின்றன.
தோளில் ஒன்றுமில்லை. இடுப்பு, வயதுக்குரிய இடுப்பு.
கழுத்துக்கு வந்ததும் கை நிற்கிறது.
கப்பல் கட்டும் வடம்போல்
இரண்டு பக்கமும் முறுக்கேறிக் கிடக்கிறது.

"இது என்ன?"
"முகமூடி," என்கிறார்.
இரண்டு கைக்கும் வேலை இருக்கும்.
தலையை ஒரு வெட்டு வெட்டினால் கண்ணாடி கீழே விழும்.
பொறி பறக்கும். பிறகு தூக்கு. மறுபடி வெட்டு.
"நாளைக்கு எத்தனை முறை?"
வளையத்துக்குள் வாய்ப்பாடு முணுமுணுக்கிறது.
வாரம் வந்தது, மாதம் வந்தது,
வருடத்தில் நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நேரம் எண்ணெயின் சத்தம் மட்டும்.
"வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.
எல்லாவற்றுக்கும் நான் சம்மதிக்கிறேன்
என்று நினைத்துக்கொண்டார்கள்.
படகை விற்றார்கள்.
சமையலறைக்கு மஞ்சள் அடித்தார்கள்."
மஞ்சளைச் சொல்லும்போதுதான்
வடம் ஓர் இழை துடித்தது.

நான் பதில் சொல்லவில்லை.
பெருவிரலை இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

"ஏழு," என்றார்.
"என்ன?"
"கேட்டீர்களே. ஏழு. ஐந்தாக்குங்கள்."
ஐந்தாக்கினேன்.

முடிந்ததும் அவசரமில்லை. பக்கவாட்டில் திரும்பி
மெல்ல எழுந்திருங்கள். தண்ணீர் குடியுங்கள்.
நாளை கொஞ்சம் வலிக்கலாம்,
ஆறு மாடி ஏறி இறங்கிய மாதிரி.
நெற்றியில் வளையத்தின் தடத்தோடு
சட்டைப் பொத்தானை ஒன்று தவறிப் போட்டு நிற்கிறார்.
"அடுத்த செவ்வாய், இதே நேரம் எழுதட்டுமா?"
தலை கீழே வெட்டப் போய்
பாதியில் நிற்கிறது.
"யோசித்துச் சொல்கிறேன்," என்கிறார்
வாயைத் திறந்து.

கதவருகே திரும்பினார்.
"உங்கள் கை வலிக்காதா, ஹலினா?"
"பரவாயில்லை," என்றேன்.

அவர் போன பிறகு விரிப்பை மாற்றுகிறேன்.
நாலரைக்கு இன்னொருவர்.
துறைமுகம் தெரியும் ஜன்னலின் குளிர்ந்த கண்ணாடியில்
பெருவிரலை ஒட்டிவைத்துக்கொண்டு
பத்துக்கு எத்தனை என்று
முதல்முறையாக எண்ணிப் பார்க்கிறேன்.

ஆறு.
இல்லை, ஆறரை.